விளையாட்டில் வைத்த சாவு மேளம்

திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் நான் ஒரு தாள விளையாட்டை எழுதிவருகிறேன். திரையில் மேலிருந்து புள்ளிகள் இறங்கும். அவை கோட்டைத் தொடும்போது தாளத்துக்குச் சரியாகத் தட்ட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் மிஸ். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. அதன் நிரலும் ஒலியும் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி, வேறு பெயரில்கூட வெளியிடலாம் என்று நானே எழுதி வைத்திருந்தேன். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சினிமாப் பாட்டைத் தொட்டால் உரிமைக்காரர் சண்டைக்கு வருவார். சொந்தமாக என்ன தாளம் இருக்கிறது என்று யோசித்தபோது, கையில் தானாக வந்து நின்றது அப்பாவின் சாவு மேளம்தான். கிளியனூர்ப் பக்கம் எங்கள் காலனியில் நடக்கப் பழகிய நாளிலிருந்து அதைக் கேட்டிருக்கிறேன். மூன்று அடி அடித்துவிட்டு, நாலாவதை ஒரு மூச்சு பிடித்துவைத்துத்தான் விடுவார். விழுப்புரத்தில் ஒரு நண்பனிடம் பறையை இரவல் வாங்கி, அப்படியே அடித்துப் பதிவுசெய்து, விளையாட்டின் கடினமான கட்டமாக வைத்தேன். அந்த இடைவெளியில் எல்லோரும் அவசரப்பட்டுத் தட்டித் தோற்றார்கள். எங்கெங்கோ இருந்தவர்கள் புகழ்ந்து எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் மேளத்தை விட்டு வெகுகாலம் ஆகிறது. அம்மா விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஊர்ப் பெரிய தெருவில் ஒரு சாவு. ஆள் அனுப்பினார்கள். வர மாட்டேன் என்றார். மறுபடியும் ஆள் வந்தபோது, இனி எந்தச் சாவுக்குமே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மா பிழைத்து வந்தாள், பிழைப்புதான் போயிற்று. அந்த வருஷம் மல்லாட்டைக் கடலை பிடுங்க ஊர்க்காரர்கள் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. அப்பா கூட்டேரிப்பட்டில் கலவை தூக்கப் போய் எங்களைக் காப்பாற்றினார். வீட்டில் யாரும் அதைப் பெருமையாகப் பேசியதில்லை. பேசாததாலேயே அது எவ்வளவு பெரிது என்று எனக்கு உறைக்காமல் போயிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். புதிய பதிப்பைச் சோதிக்க, உள்ளறையில் போனில் அந்தக் கட்டத்தை ஓடவிட்டேன். ஹெட்போன் மாட்ட மறந்துவிட்டேன். சாவு மேளம் கேட்டால், பிணம் எடுக்கும்வரை எங்கள் தெருவில் யாரும் சோறு தின்பதில்லை. அப்பா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்தார்.

"எந்த ஊட்லடா?"

"சாவு இல்லப்பா. கேமு."

போனை வாங்கிக் காதோரம் வைத்துக் கேட்டார். நாலாவது அடி விழுந்ததும் முகம் மாறிவிட்டது.

"இது என் கை."

"ஆமாம்ப்பா."

"இன்னா வெலைக்குக் குடுக்குற?"

"சும்மாத்தான். ப்ரீ."

"நாங்களும் சும்மாத்தான்டா அடிச்சிக்கினு கெடந்தோம்."

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறேன். தேங்காய்க்காரர் எதிரே வந்து நிற்கும்போதுதான் அது தெரிகிறது. அப்போதே கட்டத்தை நீக்கினேன். ஆனால் அதற்குள் வெளிநாட்டில் ஒருவர் அதைத் தன் விளையாட்டில் சேர்த்து, கல்யாண மேளம் என்று பெயர் வைத்து, திரை முழுக்கப் பூத் தூவ விட்டிருந்தார். எடுத்துவிடும்படி மரியாதையாக எழுதிக் கேட்டேன். உங்கள் அனுமதி இருக்கிறதே என்று மரியாதையாகவே பதில் வந்தது. அவர்மேல் குற்றம் இல்லை. எனக்குக் கோபமெல்லாம் என்மேல்தான்.

அந்த வெளிநாட்டுக்காரர் விஷயத்தை அப்பாவிடம் சொல்லியிருந்தேன். சாயங்காலம் கேட்டார்.

"நிறுத்திட்டானா?"

"இல்லப்பா. நிறுத்துன்னு சொல்ல எனுக்கு உரிமை இல்ல. யாரு வேணா எடுத்துக்கலாம்னு நானே எழுதிக் குடுத்துக்கீறேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எனுக்குப் படிப்பு இல்ல, நெலம் இல்ல. வர மாட்டேன்னு சொல்றதுக்கு வாயி மட்டும் இருந்துச்சு," என்றார். "நீ அதையுமாடா எழுதிக் குடுத்துட்ட?"