வட்டம் போடாமல் விட்ட எழுத்து

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில் ஆரம்பித்தது இது. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஏலம் கூறுவது என் வேலை. வீடு, ஆத்தூர் போகும் வழியில் ஒரு சின்ன ஊர். மகள் அப்போது உள்ளூர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. ஒரே பிள்ளை. அவள் கண்ணில் தண்ணீர் வந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் தமிழ் நோட்டை வைத்துக்கொண்டு அழுதாள். வாங்கிப் பார்த்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் வட்டம் வட்டமாக இருந்தது. அடியில் 'மறுபடி எழுதி வரவும்' என்று ஒரு வரி. அவள் என்ன எழுதியிருந்தாள் என்று நான் பார்க்கவில்லை. சிவப்பு மட்டும்தான் என் கண்ணில் பட்டது.

மறுநாள் ஏலம் முடிந்த கையோடு வண்டியை நேரே பள்ளிக்கு விட்டேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே ஆரம்பித்தேன். நூறு பேர் சத்தத்துக்கு மேலே விலை கூறிப் பழகிய தொண்டை, கேட்கவா வேண்டும்!

"சின்னப் பிள்ளைய அழ வைக்கிறதுக்கா ஒங்களுக்குக் கவர்மெண்டு அம்புட்டுச் சம்பளம் குடுக்குது? பாதி நாளு லீவு. வர்ற நாள்லயும் பிள்ளைகள வதைக்கணுமாக்கும்?"

டீச்சர் சாக்பீஸோடு அப்படியே நின்றார். நாற்பது பிள்ளைகளும் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் ஓடி வந்தார். "விட்டுருங்க டீச்சர், பெருசாக்க வேணாம்" என்று அவரிடம்தான் சொன்னார், என்னிடம் அல்ல.

அன்று சாயங்காலம் ஊர் டீக்கடையில் என்னைத் தோளில் தட்டிக் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரிடமும் வாத்தியார்களைப் பற்றிச் சொல்ல ஆளுக்கொரு குறை இருந்தது. யாரோ எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பொய் சொல்வானேன், அந்த டீ நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மகளுடைய நோட்டில் ஒரு வட்டம் கிடையாது. எல்லாப் பக்கத்திலும் டிக். "கேக்குற விதத்துல கேட்டா நடக்கும் பாரு" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கார்த்திகை மாதம் விடாமல் மழை. மார்க்கெட்டுக்குப் பூ வரத்து இல்லாமல் ஒருநாள் வீட்டில் இருந்தேன். பொழுது போகாமல் மகளுடைய தமிழ் நோட்டைப் புரட்டினேன். 'எங்கள் பல்லி' என்று ஒரு கட்டுரை. 'எங்கள் பல்லி மிகப் பெரியது. பல்லியில் வேப்ப மரம் உள்ளது. நான் தினமும் பல்லிக்குச் செல்வேன்.' வாய்விட்டுச் சிரித்தேன். பள்ளியைப் பல்லியாக்கி வைத்திருக்கிறாளே என்று மனைவியைக் கூப்பிடப் போனேன். அப்போதுதான் அடியில் இருந்த டிக்கையும் கையெழுத்தையும் பார்த்தேன்.

"ஏம்மா, டீச்சர் இதத் தப்புன்னு சொல்லலையா?"

"டீச்சர் என்னைய ஒண்ணுமே சொல்லாதுப்பா. சொன்னா நீதான் வந்து கத்துவேல்ல?"

அதை அவள் பெருமையாகச் சொன்னாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் போனேன். வகுப்பில் டீச்சர் மட்டும் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் படக்கென்று எழுந்து நின்றுவிட்டார். என்னைவிட மூத்தவர். நான் படித்த காலத்தில் வாத்தியார் வந்தால் நாங்கள் எழுந்து நிற்போம். ஒரு டீச்சர் என்னைப் பார்த்துப் பயந்து எழுந்து நிற்கிறாரே என்று நினைத்தபோது கூசிப்போனேன்.

"உக்காருங்க டீச்சர்" என்று நோட்டை நீட்டினேன். "இதுல தப்பு இருக்கு. நீங்க கவனிக்கலையோன்னு..."

"கவனிச்சேங்க."

கையில் இருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வட்டம் போட்டா பிள்ள அழும். அழுதா நீங்க வருவீங்க. பிள்ளைக முன்னாடி இன்னொரு தடவ அப்பிடி நிக்க எனக்குத் தெம்பில்ல சார்."

மேசையில் இருந்த வேறு இரண்டு நோட்டுகளை விரித்துக் காட்டினார். அவற்றிலும் தப்புக்கு மேலேயே டிக்தான். யார் வீட்டிலிருந்து யார் வருவார்களோ என்று எல்லோருக்கும் அப்படியே போட்டுவிடுவதாகச் சொன்னார். "தப்புன்னு தெரிஞ்சும் டிக் போடுறது எனக்கு மட்டும் சந்தோசமா?" என்று அந்த நோட்டுகளை மூடினார்.

மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். கத்தியது நாற்பது பேர் முன்னால், மன்னிப்பு மட்டும் ரகசியமாகவா? அங்கேயே நின்றேன். "அன்னைக்கு நான் டீச்சரப் பேசுனது தப்பு. என்னைய மன்னிச்சிருங்க டீச்சர்" என்றேன். மார்க்கெட்டையே அதிர வைக்கும் தொண்டை, முதல் வரிசையைத் தாண்டியிருக்காது. பின்னால் ஒரு பையன் சிரித்தான். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. தை மாதம் பிறந்த பிறகுதான் மற்ற பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு வட்டம் வந்ததாக மகள் சொன்னாள். அவள் நோட்டில் மட்டும் அந்த வருடம் முடியும்வரை டீச்சர் பென்சிலால், அழித்தால் போய்விடும்படி போட்டிருந்தார். அந்தப் பயத்தை என்னால் கடைசிவரை போக்க முடியவில்லை.

மகளை நானே பக்கத்தில் உட்கார வைத்து ல, ள, ழ எழுதப் பழக்கினேன். ஆனால் அந்த மாதங்களில் அதே வகுப்பில் இருந்து, தப்பெல்லாம் சரி என்றே நம்பி அடுத்த வகுப்புக்குப் போன மற்ற பிள்ளைகளிடம் நான் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று இன்றுவரை தெரியவில்லை.