டோலியை இறக்கிய இடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம் அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. கொடைக்கானலுக்கு மேற்கே எங்கள் ஊர். விடிந்ததும் இருவரும் தோட்டத்தில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தோம். அவர் திடீரென்று வரப்பில் உட்கார்ந்து மார்பில் கையை வைத்துக்கொண்டார். இடது கையும் சேர்ந்து இழுக்கிறது என்றார்.

"வாயுப் பிடிப்புதேண்ணே," என்றேன். பூண்டு விளைகிற ஊரில் எந்த வலியும் முதலில் வாயுதான். மருந்தைத் தேடி அலைய வேண்டாம் பாருங்கள். வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மதினி பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார். அரை மணி நேரத்தில், அந்தப் பனியிலும், அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது.

எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடிவாரத்துக் கொசு கொண்டுவரும் மலேரியாக் காய்ச்சலில் கிடந்து எழாதவர் எங்கள் ஊரில் யாருமில்லை. வேர்த்தால் காய்ச்சல் விட்டது என்பதுதான் நாங்கள் படித்த வைத்தியம். எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டார், "வேர்த்துருச்சுல்ல, இனிப் பயமில்ல" என்று சொல்லிவிட்டுத் தங்கள் சோலியைப் பார்க்கப் போனார்கள். நானும் அவர் நெற்றியைத் துண்டால் துடைத்துவிட்டுப் பூண்டு பிடுங்கப் போய்விட்டேன். நெற்றி சில்லென்று இருந்தது கைக்குத் தெரிந்தது, புத்திக்கு எட்டவில்லை. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

உச்சிப்பொழுதில் மதினி ஆள் அனுப்பினார். வலி திரும்பியிருந்தது, உதடு வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரி கொடைக்கானலில், பத்து மைல். ஊருக்குப் பொதுவாக ஒரு டோலி இருந்தது. நாற்காலியின் இருபுறமும் மூங்கில் கட்டியது. அதைக் கொண்டுவந்து வைத்ததும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"துரைசானிகளத் தூக்கிட்டு மலை ஏறுனவன்டா நான். என்னியத் தூக்குறதா? பொணமாப் போறப்பத் தூக்குங்க."

சொன்னதில் பொய்யில்லை. மோட்டார் ரோடு வருமுன் வெள்ளைக்காரர்களை அடிவாரத்திலிருந்து சுமந்து வந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பெருமை தோளிலும் காய்த்திருந்தது, வாயிலும் காய்த்திருந்தது. பேச்சிலேயே இன்னும் ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் மதினி அழுததால் ஏறினார்.

நாலு பேர் தூக்கினோம். நான் முன்கம்பு. வழியெல்லாம் "ஏலே, தோள மாத்துங்கடா, எட்டு வைக்கிறது கோணுது" என்று திட்டிக்கொண்டே வந்தார். அது எங்களுக்குத் தைரியமாகக்கூட இருந்தது. திட்டுகிற மனிதன் சாகமாட்டான் என்று நினைத்தோம்.

ஏரி கண்ணில் பட்டதும், "இறக்குங்கடா," என்றார். "பஜார்ல அம்புட்டுப் பேருக்கும் என்னியத் தெரியும். இங்கெருந்து நடந்தே வாரேன்."

பஜாரைத் தாண்டி ஒரு மேடு ஏறினால்தான் ஆஸ்பத்திரி. மற்ற மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தம்பி, அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிப் பழக்கமில்லை. "இறக்குங்கப்பா," என்றேன்.

வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நடந்தார். மளிகைக்கடை ராவுத்தர் ஒருவர், "என்ன இம்புட்டுத் தூரம்?" என்று கேட்டார். "சும்மாதேன் பாய்," என்று சிரித்தார். மேட்டில் இரண்டு தடவை நின்றார். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

டாக்டர் ஓடிவந்து பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். மாரடைப்பு என்றார். வலி எப்போது வந்தது என்று கேட்டார்.

"வெள்ளனேங்க, விடிஞ்சதுமே," என்றேன்.

"நடந்தா வந்தார்?"

நான் துண்டை எடுத்து அண்ணன் நெற்றியைத் துடைத்துவிட்டேன்.

உடலோடு ஊர் திரும்பினோம். எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் மதினி என்னைக் கூப்பிட்டார்.

"கடேசி வரைக்கும் டோலியிலதான தம்பி போனாரு? நடக்க விடலையே நீங்க?"

"இல்ல மதினி. ஆஸ்பத்திரி வாசல்லதேன் இறக்குனோம்."

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி மதினி ஆறினார்: "எங்கொழுந்தனாரு அவர ஒரு அடி நடக்க விடல." பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.