ஒற்றை ஆள் குடித்தனம்

ஆஸ்பத்திரியில் இருபத்தொன்பது வருடம் படுக்கை விரிப்புகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கியவரை எல்லோரும் துணியறை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டர்கள்கூட. ஓய்வு பெற்றபோது மொத்தமாக ஒரு தொகை கைக்கு வந்தது. பென்ஷன் கிடையாது. மகள் அதைப் பாங்கில் போடச் சொன்னாள். அக்கா யாரையும் கேட்காமல், பழைய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டை வாங்கி, வாடகைக்கு விடப்போவதாக அறிவித்தார்.

"சொந்த வீடு வாங்கிட்டு நீ ஏம்மா இன்னும் வாடகை வீட்ல கிடக்கணும்?" என்றாள் மகள்.

"நான் அங்க போய் உக்காந்துட்டா எனக்குச் சோறு போடறது யாரு? நீயா?"

விஷயம் அவ்வளவுதான். அக்கா இருந்த ஒற்றை அறைக்கு வாடகை குறைவு, வாங்கிய வீட்டுக்கு அதிகம். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவதில்தான் சாப்பாடு, மருந்து எல்லாம். அது ஒரு மாதம் நின்றால் அக்காவின் அடுப்பும் நின்றுவிடும்.

வீட்டை முடித்துக் கொடுத்த தரகர் வாய் ஓயாத மனிதர். "இத்தனை வருஷம் குடியிருந்தீங்க. இப்ப நீங்க வீட்டுக்காரம்மா. மனசை மாத்திக்கணும் அக்கா. ஒரு சாவி எப்பவும் உங்ககிட்ட இருக்கட்டும். அப்புறம், நோயாளி இருக்கற குடும்பத்துக்கு வீடு குடுக்கவே குடுக்காதீங்க."

அக்கா சிரித்தார். பதினோரு வீடு மாறியவர் அவர். "எத்தனை பேர்?" என்ற கேள்விக்குப் பதினோரு முறையும் பொய் சொன்னவர். ஐந்து பேரை மூன்று என்பார். ஓனர் படியேறும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் இரண்டும் கட்டிலுக்கடியில் போய்விடும். ஒரு வீட்டில் மாமியாரை விருந்தாளி என்று சொல்லியே எட்டு மாதம் ஓட்டினார். அப்படிப்பட்டவருக்கும், வீடு கேட்டு ஆள் வந்து நின்றபோது வாயில் முதலில் வந்தது அதே கேள்விதான்.

"எத்தனை பேர்?"

"ஒரே ஆள்தாங்க" என்றார் வந்தவர். லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வயதிருக்கும், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். அக்கா நம்பிவிட்டார். பொய் சொல்லிப் பழகியவருக்கு அடுத்தவர் பொய் சட்டென்று தெரிந்துவிடும் என்பதெல்லாம் சும்மா.

நான்கு மாதம் ஒன்றாம் தேதி தவறாமல் வாடகை வந்தது. அக்காவுக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டது. ஐந்தாம் மாதம் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் கீழ்வீட்டுத் தையல்காரர் போனில் கத்தினார். மேலேயிருந்து தண்ணீர் ஒழுகி, தைத்து வைத்த துணியெல்லாம் நனைகிறதாம். மெக்கானிக் போனை எடுக்கவில்லை. எந்தக் கட்டடத்து லிஃப்ட் குழிக்குள் இருந்தாரோ! அக்கா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். கதவைத் தட்டிப் பார்த்தார். பதில் இல்லை. திறந்தார்.

தரையெல்லாம் தண்ணீர். பகலிலேயே அறை இருட்டாக இருந்தது. கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். முகத்தில் கண் மட்டும்தான் மிச்சம் என்பதுபோல் இளைத்துக் கிடந்தாள்.

"அவர் குழாயை மூடாமப் போயிட்டார். அப்போ தண்ணி வரலை. பத்து மணிக்கு வந்துடுச்சு. என்னால எழுந்திரிக்க முடியலை" என்றாள். ஒரு மணி நேரமாக அந்தச் சத்தத்தைக் கேட்டபடி, இனி யாராவது கட்டாயம் வந்துவிடுவார்கள் என்று பயந்து பயந்து கிடந்திருக்கிறாள். "என் புருஷன் மேல கோவப்படாதீங்க. நான் இங்க இல்லைன்னு வச்சுக்குங்க."

அக்கா குழாயை மூடினார். தண்ணீரைத் தள்ளினார். மனதில் முதலில் வந்தது இரக்கம் இல்லை. இவள் இங்கே செத்துப்போனால் அப்புறம் இந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்றுதான் நினைத்தார். நினைத்த மறுகணம் துடைப்பம் பிடித்த கை நின்றுவிட்டது. தன்னை நினைத்தே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

விரிப்பின் ஓரம் நனைந்திருந்தது. படுத்திருப்பவரை எழுப்பாமல் விரிப்பு மாற்றுவது, நர்சுகள் செய்வதைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்கு அத்துப்படி. ஒரு பக்கம் சாய்த்து, பழையதைச் சுருட்டி, புதியதை விரித்து, மறுபக்கம் சாய்த்து உருவி எடுத்தார். அந்தப் பெண் அழுதாள். வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாள்.

சாயங்காலம் மெக்கானிக் அக்காவின் அறை வாசலில் வந்து நின்றார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"பதினஞ்சு நாள் டைம் குடுங்கக்கா, காலி பண்ணிடறேன். உண்மையைச் சொல்லி ஆறு இடத்துல கேட்டேன். ஒருத்தரும் குடுக்கலை. அதான் பொய் சொல்லிட்டேன்."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னார்." அவர் சுவரைப் பார்த்தார். "எந்த வீட்டுக்குன்னு சொல்லலை."

அக்காவின் கணவரைப் பற்றியும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். கடைசி வாரத்தில் ஓனர் வந்து, மரியாதையாகத்தான், "ஏதாவது ஆகறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்க" என்றார். கொண்டுபோனார்கள். படுக்கை காலியில்லை. வராந்தாவில், ஸ்ட்ரெச்சரில், போகிறவர் வருகிறவர்களுக்கு நடுவே அவர் உயிர் போயிற்று. போர்த்துவதற்கான விரிப்பை அக்காதான் துணியறையிலிருந்து எடுத்து வந்தார். வராந்தாவில் விட்டுவிட்டோமே என்ற ஆற்றாமை அவருக்கு இன்றுவரை தீரவில்லை.

"நீங்க எங்கயும் போக வேண்டாம்" என்றார் அக்கா. "ஆனா என்கிட்ட இருக்கற சாவியை நான் தரமாட்டேன். பகல்ல நீங்க வேலைக்குப் போனதும் நான் போய்ப் பாத்துக்கறேன்."

மெக்கானிக் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

விஷயம் தரகர் காதுக்குப் போயிற்று. "உங்களுக்கென்ன பைத்தியமா? அந்த வீட்ல உயிர் போச்சுன்னா ஆறு மாசத்துக்கு ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான்!" அவர் சொன்னது ஏறக்குறைய பலித்தது. பின்னால் வீடு ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் கேட்டபோது அக்கா எதையும் மறைக்கவில்லை. அந்த ஐந்து மாதமும் பழைய துணியறையிலேயே தினக்கூலிக்கு விரிப்பு மடித்துச் சாப்பிட்டார். "பட்டதுக்கப்புறமாவது தெரிஞ்சுதா?" என்றார் தரகர். "தெரிஞ்சேதானய்யா பட்டேன்" என்றார் அக்கா.

அதெல்லாம் பிறகு. அதற்கு முன் ஒரு பகலில் அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை.

"என்னை ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடச் சொல்லுங்கக்கா. இங்க ஏதாவது ஆச்சுன்னா உங்க வீடு கெட்டுப்போயிடும்."

"யார் வீடு?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணாந்தேதி உன் புருஷன் வாடகை குடுத்தாரா இல்லையா?"

"குடுத்தார்."

"அப்ப முப்பதாந்தேதி வரைக்கும் இது உன் வீடு. நான்தான் வெளியாள். உன்னை இங்கேர்ந்து யாரும் கிளப்ப முடியாது, நான் உள்பட."

அந்தப் பெண் நம்பலாமா என்று அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, அங்கே வந்ததிலிருந்து முதல்முறையாக, தனக்கென்று ஒன்றைக் கேட்டாள்.

"அப்படின்னா அந்த ஜன்னலைத் தொறங்கக்கா. உள்ள ஆள் இருக்கறது தெரிஞ்சுடும்னு வந்த நாள்லேர்ந்து மூடியே வச்சிருக்கோம்."

அக்கா இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தார். அந்த மாதம் இருபத்தாறாம் தேதி, நல்ல பகல் வெளிச்சத்தில், புருஷன் பக்கத்தில் இருக்க, அவள் தன் வீட்டில் இறந்துபோனாள்.