மாயாண்டி அண்ணையின் கூரைத் தகரம்

விசுவமடுவில் பழைய நெல் களஞ்சியம் ஒன்றை வாடகைக்கு எடுத்து எங்கள் மில் நடந்துகொண்டிருந்தது. குரக்கன் மா, சத்துமா, மிளகாய்த்தூள் எல்லாம் அரைத்துப் பையில் அடைத்துக் கொழும்பு வரைக்கும் அனுப்புவோம். முதலாளி ராஜினி அக்கா. ஆள், வாகனம், அலுவலகம் பார்க்கிறவன் நான். மில்லை ஓட்டுகிறவர், பெல்ட் அறுந்தால் மாட்டுகிறவர், இரவில் காவல் இருக்கிறவர், வாசலில் வந்து படுக்கும் நாய்களுக்குச் சோறு வைக்கிறவர் என்று மிச்சம் எல்லாமே மாயாண்டி அண்ணைதான்.

புதிதாக யார் வந்தாலும் என்னைக் கையால் காட்டி, "இது வவுனியாக் கம்பஸில படிச்சு முடிச்ச தம்பி. எங்கட ஆக்களுக்க முதல் ஆள்" என்பார். மிளகாய் கொண்டுவந்த வியாபாரிக்கு அது எதற்கு என்று அவர் யோசிப்பதில்லை. நானும் தடுத்ததில்லை. என் அம்மாவும் அப்பாவும் ஊரார் வயலில் நாற்று நட்டுப் படிப்பித்த படிப்பு அது. யாராவது வாய் நிறையச் சொன்னால் கேட்கப் பிடிக்கும்.

"எங்கட ஆக்கள்" என்று அவர் சொல்வது மலைநாட்டில் இருந்து வந்து வன்னியில் வேரூன்றிய குடும்பங்களை. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு தகப்பனின் தோளில் இருந்தபடி வன்னிக்கு வந்தவர் மாயாண்டி அண்ணை. தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு ஞாபகம் இருப்பது குளிர் மட்டும்தான். வளர்ந்தது, காடு வெட்டியது, மீனம்மா அக்காவைக் கலியாணம் செய்தது எல்லாம் கிளிநொச்சிப் பக்கத்தில். பிறகு சண்டை வந்தது. சண்டை வந்த ஒவ்வொரு முறையும் அவர் செய்த முதல் வேலை கூரையில் ஏறியதுதான். தகரம், மரம், கதவு, நிலை, ஆணி எல்லாவற்றையும் கழற்றி, ட்ரக்டர் கிடைத்தால் ட்ரக்டரில், இல்லாவிட்டால் மாட்டு வண்டியில் கட்டிக்கொண்டு போவார். போன இடத்தில் அன்றைக்கே ஒரு கூரை எழும்பும். கடைசி முறை மட்டும் தகரத்தை வழியில் போட்டுவிட்டு நடக்கவேண்டி வந்தது. முகாமில் இருந்து திரும்பியபோது மீள்குடியேற்றத்துக்கென்று கொடுத்த தகரங்கள்தான் இப்போது இருப்பவை. சொந்தக் காணி இல்லாத மனிதர். அதனால் மில்லின் பின்பக்கம் தானே ஒரு அறையும் குசினியும் கட்டி, அந்தத் தகரத்தைப் போட்டு, மீனம்மா அக்காவோடு அங்கேயே இருந்தார்.

மாங்குளத்தில் புதிதாகத் திறந்த கைத்தொழில் பேட்டையில் எங்களுக்குக் கட்டடம் கிடைத்தது என்று ராஜினி அக்கா சொன்ன அன்று, மா அடைக்கிற பெண்கள் கைதட்டினார்கள். அவர்கள் வந்துபோக வான் வண்டியும் ஒழுங்காகியிருந்தது. மாயாண்டி அண்ணை மட்டும் தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

எனக்குக் காரணம் தெரியும். பேட்டைக்கு வாசல் இருக்கிறது, வாசலுக்குப் பேட்டைக்காரர்களே காவல் போடுகிறார்கள். இரவில் ஒருவரும் உள்ளே தங்க முடியாது. அங்கே காவல்காரர் தேவையில்லை, பின்பக்கத்து அறைக்கும் இடமில்லை. மில் ஓட்ட வாருங்கள் என்று ராஜினி அக்காவும் அவரிடம் சொல்லவில்லை. வேலையும் வீடும் ஒன்றாகவே கைவிட்டுப் போனால், இரண்டு பேரும் வவுனியாவில் மகள் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

"மருமகன் நல்ல பிள்ளை" என்றார் ஒருநாள், மில்லுக்கு எண்ணெய் விட்டபடி. "அதுதான் பயமாக் கிடக்கு. 'நீங்கள் சும்மா இருங்கோ மாமா' எண்டு கதிரையை எடுத்துப் போடுவான். நானும் அதில இருந்து ரோட்டைப் பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்."

"ராஜினி அக்காட்டக் கேளுங்கோவன் அண்ணை."

"அதை எப்பிடி நானாக் கேக்கிறது? வேணும் எண்டா அவா சொல்லுவா."

"நான் கேக்கட்டே?"

"கேட்டியெண்டா உன்னோட கதைக்கமாட்டன்."

ராஜினி அக்கா அந்த நாட்களில் அனுமதிப்பத்திரம், வங்கி, மின்சாரம் என்று கொழும்புக்கும் மாங்குளத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தா. என்னிடம் விட்டுப்போனது ஒரு வேலைதான். மில்லை இடம் மாற்ற நல்ல ஆட்களைப் பிடிக்க வேண்டும்.

நான் முதலில் கொழும்புக் கம்பனி ஒன்றுக்குப் போன் எடுத்தேன். எத்தனையாம் மாடி, லிப்ட் இருக்கிறதா என்று கேட்டார்கள். களஞ்சியம் என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் திருப்பி எடுக்கவில்லை. கிளிநொச்சியில் ட்ரக்டர்காரர் பலர் வரத் தயாராக இருந்தார்கள். ஆனால் அரைக்கிற மெசின் வங்கிக் கடனில் வாங்கியது. வழியில் சரிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டால், "கடவுள் இருக்கிறார் தம்பி" என்றார்கள். கடைசியில் வவுனியாவில் ஒரு கம்பனி அகப்பட்டது. கிரேன் பூட்டின லொறி, காப்புறுதி, மெசினைக் கழற்றிப் பூட்டுகிற ஆட்கள் எல்லாம் அவர்களிடம் இருந்தன. நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்களாம். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது.

மாயாண்டி அண்ணைக்குப் பிடிக்கவில்லை. "வீடு வாசலோட சனமே போச்சுது. எவன் வந்து ஏத்தித் தந்தவன்?" என்றார். "ஒரு ட்ரக்டரும் நல்ல கயிறும் தா. பொழுது சாயிறதுக்குள்ள மாங்குளத்தில நிப்பன்."

பார்க்க வந்தவன் துசியந்தன். கொக்கிளாய்ப் பக்கத்துப் பெடியன், கம்பனியின் மேற்பார்வையாளன். கையில் கலர் ஸ்டிக்கர் கட்டு. பச்சை ஒட்டினால் போகும், சிவப்பு ஒட்டினால் நிற்கும், மஞ்சள் ஒட்டினால் கவனமாகத் தூக்க வேண்டும். அரைக்கிற மெசின், வறுக்கிற மெசின், தராசு, அலுமாரி என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போனான். மாயாண்டி அண்ணை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவனுக்குப் பின்னால் நடந்தார்.

"கூரை?" என்றார்.

"எந்தக் கூரை அண்ணை?"

"இந்தக் கூரைதான். ஏத்துறேல்லையோ?"

"அங்க கட்டடத்துக்குக் கூரை இருக்குத்தானே."

"போன இடத்தில கூரை இருந்ததை நான் இன்னும் காணேல்லை" என்றார் அவர்.

துசியந்தன் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தான். பின்பக்கத்து அறையை எட்டிப் பார்த்தவன், வீட்டுச் சாமான் என்று கண்டதும் ஒன்றும் ஒட்டாமல் திரும்பினான்.

"என்னில ஒண்டும் ஒட்டேல்லையே தம்பி?"

"உங்களுக்கு மஞ்சள்தான் ஒட்ட வேணும். கிழவன் ஆக்கள் கீழ விழுந்தா காப்புறுதி இல்லை."

மா அடைக்கிற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாயாண்டி அண்ணையும் சேர்ந்து சிரித்தார். பிறகு தன் அறைக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். அன்றிலிருந்து பேச்சுக் குறைந்துவிட்டது. மீனம்மா அக்கா சோற்றைப் போட்டால் சாப்பிடுவார், கேட்டால் தலையாட்டுவார். அக்காவும் ஏனோ அவரைத் தேற்றப் போகவில்லை. தன் பாட்டில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தா.

ஏற்றுகிற நாள் காலையில் நான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது, ராஜினி அக்காவின் வாகனமும் கம்பனி லொறி இரண்டும் ஏற்கெனவே வந்து நின்றன. ஆனால் ஒருவரும் ஏற்றவில்லை. எல்லாரும் பின்பக்கம் நின்றார்கள்.

அறைக்குக் கூரை இல்லை. நாலு சுவர் வானத்தைப் பார்த்தபடி நின்றது. தகரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் வரிந்து கட்டப்பட்டிருந்தன. வளை, கைமரம், நிலை, யன்னல் எல்லாம் தனித்தனிக் கட்டு. ஆணிகள் ஒரு பால்மா ரின்னில். பாயும் தலகணியும் மூட்டை, சட்டி பானை சாக்கில், கோழிகள் கூடைக்குள். துணி காயப்போடும் கம்பிகூடச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. முதல்நாள் பின்னேரம் நாங்கள் எல்லாரும் போன கையோடு கூரையில் ஏறியிருக்கிறார். பிறகு மழையும் தூறியிருக்கிறது. இரண்டு பேரும் மில்லுக்குள் மெசினுக்குப் பக்கத்தில் படுத்து எழும்பியிருக்கிறார்கள்.

"அது களஞ்சியத்துக் கக்கூஸ் கதவெல்லே அண்ணை?" என்று ராஜினி அக்கா ஒரு கட்டைக் காட்டினா.

"பூட்டினது நான்தானே."

"பூட்டினது நீங்கள். கதவு களஞ்சியச் சொந்தக்காரரின்ர."

"அப்ப திருப்பிப் பூட்டிவிடுறன்" என்றார், அதில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுபோல.

ராஜினி அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டா. "சரி, இதெல்லாத்தையும் கட்டிக்கொண்டு எங்க போறியள்?"

"அது தெரியாது."

"தெரியாமல் ஏன் கழட்டினீங்கள்?"

"போறதெண்டா முதல்ல கூரையைக் கழட்ட வேணும் தங்கச்சி. எங்க எண்டது ரோட்டில ஏறின பிறகுதானே தெரியவரும்."

அவர் பகிடி விடவில்லை. பஸ் வந்தால் ஏற வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னார். லொறிக்காரப் பெடியன்கள் சிரிக்கத் தொடங்கி, எங்கள் பெண்களின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண்களுக்கு அதில் விளங்காதது ஒன்றும் இருக்கவில்லை.

ராஜினி அக்கா சட்டென்று மீனம்மா அக்கா பக்கம் திரும்பினா. "அக்கா, நீங்கள் இவருக்குச் சொல்லேல்லையோ?"

"இல்ல" என்றா மீனம்மா அக்கா, கோழிக்கூடையின் மூடியைச் சரி செய்துகொண்டு.

"என்னத்தைச் சொல்லேல்லை?" என்றார் மாயாண்டி அண்ணை.

"கட்டடம் கிடைச்ச கிழமையே குசினிக்க வைச்சு அக்காட்டச் சொன்னனான். அங்க காவல் வேலை இல்லை. ஆனா மில்லை ஓட்ட நீங்கள் வரவேணும், உங்களை விட்டிட்டு நான் ஆரை வைச்சு ஓட்டுறது? பேட்டைக்குள்ள இருக்க விடமாட்டாங்கள், வெளியில இடம் பாருங்கோ எண்டும் சொன்னனான். நீங்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிய, மாங்குளம் வர விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சன்."

மாயாண்டி அண்ணை மனைவியைப் பார்த்தார். "ஏன் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கல்லையே" என்றா மீனம்மா அக்கா. அவவின் பேச்சில் மலைநாடு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. "கிளிநொச்சில இருந்து போனப்ப கேட்டீங்களா? அதுக்கப்புறம் எத்தனை எடம். நீங்க கூரையில ஏறுவீங்க, நான் சட்டி பானையோட பின்னால நடப்பேன். அப்ப ஷெல் விழுந்திச்சு, நானும் ஒண்ணும் சொல்லல்ல. இந்தத் தடவ ஷெல்லா விழுகுது? 'மீனா, எங்க போவோம்'னு ஒரு வார்த்த கேக்க நேரமா இல்ல? கேக்கட்டும்னு இருந்தேன். நேத்து ஏணிய எடுத்தீங்க பாருங்க, அப்பவாச்சும் கேப்பீங்கன்னு ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அப்ப கூரையைக் கழட்டவும் பேசாமல் நிண்டனி?"

"கழட்டத்தானே வேணும். எப்படியும் தகரம் தேவை."

துசியந்தன் லொறிப் பக்கம் கையைக் காட்டினான். "அண்ணை, ரெண்டாவது லொறியில இடம் கிடக்கு. தகரமும் மரமும் மேலால போடலாம். ஆனா ஒண்டு. இறக்கிற இடம் சொல்லாமல் நாங்கள் எந்தச் சாமானும் ஏத்துறேல்லை. எங்கட கம்பனிச் சட்டம்."

மாயாண்டி அண்ணை தகரக் கட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஏற்கெனவே இறுகியிருந்த கயிற்றை இன்னொரு முறை இழுத்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டே, "மீனா" என்றார்.

"ம்."

"எங்க இறக்கிறது?"

"எத?"

"தகரத்தை."

"தகரத்த மட்டுமா?"

பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் நிமிர்ந்து மீனம்மா அக்காவை நேராகப் பார்த்தார். "எங்களை" என்றார்.

மீனம்மா அக்கா கூடையைக் கீழே வைத்தா. "மாங்குளத்தில, ஸ்டேசனுக்கு அங்கிட்டு. என் தங்கச்சி இராசேஸ்வரி வளவு இருக்குல்ல, அதில மூலையில ஒரு துண்டு தாறேன்னு சொல்லியிருக்கா. கிணறு கிட்ட. பேட்டைக்குச் சைக்கிள்ல போயிரலாம். நான் போன மாசமே போய்ப் பாத்துட்டு வந்திட்டேன்."

"போன மாசம் மகளைப் பாக்கப் போறன் எண்டுதானே போனனி?"

"அவளையும் பாத்தேன்."

துசியந்தன் கையைத் தட்டிப் பெடியன்களைக் கூப்பிட்டான். அரைக்கிற மெசினைக் கிரேன் தூக்கியபோது மாயாண்டி அண்ணை அதைப் பார்க்கக்கூட இல்லை. அவர் களஞ்சியத்தின் பின்னால் கக்கூஸ் கதவைத் திருப்பிப் பூட்டிக்கொண்டிருந்தார். தன் தகரத்தை ஏற்றும்போது மட்டும் வந்து நின்று, எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று சொன்னார். பெடியன்கள் கேட்டார்கள். மீனம்மா அக்கா லொறியின் முன் சீற்றில் கோழிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறியிருந்தா.

பரந்தன் தாண்டி, கிளிநொச்சி தாண்டி மாங்குளத்துக்கு வந்து மெசின்களை இறக்கிப் பூட்டி முடிய வெயில் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இரண்டாவது லொறி ஸ்டேசனுக்கு அப்பால் அந்த வளவுக்குள் நுழைந்தது. நானும் பின்னால் போனேன். இராசேஸ்வரி அக்கா எல்லாருக்கும் தேநீர் ஊற்றி வைத்திருந்தா.

மாயாண்டி அண்ணை தேநீரை ஒரே இழுப்பில் குடித்துவிட்டு, மரம் நடக் கிடங்கு தோண்ட அலவாங்கை எடுத்தார். பழக்கத்தில் ரோட்டுப் பக்கமாக ஒரு இடத்தில் ஓங்கினார். பிறகு ஓங்கிய கையோடு நின்று திரும்பிப் பார்த்தார்.

"வாசல் எந்தப் பக்கம் வைப்பம்?"

"கிணத்துப் பக்கம்" என்றா மீனம்மா அக்கா.

அவர் கிணற்றுப் பக்கம் போனார். "இதில?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி."

"இதுக்கங்கால வேலி மீனா."

"வேலியிலயா வைக்கச் சொன்னேன்? இந்தப் பக்கம்."

அவர் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.