செவுத்துக்கு மேல ஒரு இலை

செல்போனில் இன்கமிங் காலுக்கும் காசு பிடித்த காலம். கல்யாணமான புதிதில் பென்னலூரில் ஒரு போர்ஷனில் குடியேறினோம். எங்கள் துணி துவைக்கும் கல்லுக்கும் வீட்டுக்காரம்மாவின் பின்பக்க வராண்டாவுக்கும் நடுவே நாலடிச் சுவர்தான். அந்த அம்மா வராண்டாவில் நாற்காலி போட்டு அரிசி பொறுக்குவார். கண் மட்டும் எங்கள் பக்கம் இருக்கும்.

"பல்லு வெளக்குனாலும் பாக்காவ, தல தொவட்டுனாலும் பாக்காவ. எனக்குக் கூசுது" என்றாள் மனைவி. தென்காசிக்காரி. ஒரு மாதமாகத் தலைக்குக் குளித்தால் அறைக்குள்ளேயே முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது.

செடி வைக்கலாமா என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன்.

"வெச்சிக்கோ தம்பி. ஆனா செவுத்துக்கு மேல ஒரு இலை தெரிஞ்சிது, வூட்ட காலி பண்ணிடணும். எங்களுக்குக் காத்து வரணும் இல்ல?"

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலம் போகும் வழியில் இருந்த நர்சரிக்குப் போனோம். "பெருசா இருக்கணும், கலரா இருக்கணும், ஆள மறைக்கணும், நாலடிச் சுவத்துக்கு மேல போகக் கூடாது" என்றேன். குரோட்டன்ஸ், இட்லிப்பூ, காகிதப்பூ என்று காட்டிக்கொண்டே வந்த நர்சரிக்காரர் நின்றுவிட்டார்.

"ஏற்கெனவே நாலடி செவுரு கீதுன்ற. அதே ஒசரத்துல செடி இன்னாத்த சார் மறைக்கும்?"

கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை என்பதில் மனைவிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "அந்தம்மா சாமிக்கு என்ன பூ வைக்காவ?"

சிவப்புச் செம்பருத்தி என்றேன். அப்போதுதான் எனக்கு வழி புலப்பட்டது. கம்பெனியில் அளவு மீறிய உதிரிபாகத்தைக் கழிக்காமல், வாங்குகிறவரிடமே கையெழுத்துப் போடச் சொல்லி ஏற்றுக்கொள்ள வைப்போம். எங்கள் தொழிலில் அதற்கு டீவியேஷன் என்று பெயர். அடுக்குச் செம்பருத்தி நான்கு வாங்கினோம்.

பூக்க ஆரம்பித்ததும் மனைவி தினமும் பத்துப் பூவைச் சுவருக்கு மேலே நீட்டினாள். வீட்டுக்காரம்மா பூக்காரியை நிறுத்திவிட்டார். செடி சுவரைத் தாண்டியது. அரிவாளை எடுத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகப் போய் நின்றேன்.

"வெட்டிரவாம்மா?"

"மொக்கு கீதே தம்பி. வெள்ளிக்கெழம போவட்டும்."

எல்லா வாரமும் வெள்ளிக்கிழமை வந்தது. எல்லா வாரமும் மொக்கு இருந்தது. ஆறடி உயர்ந்தது செடி. அந்தப் பக்கம் நாற்காலிகூடத் தெரியவில்லை. மனைவி நடு முற்றத்தில் ஈர முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை, சம்பள உயர்விலும் வந்ததில்லை.

அதற்கு நான்காம் நாள் காலை ஐந்தரை மணிக்கு இடுப்புத் துண்டோடு பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு, கையில் கூடையோடு வீட்டுக்காரம்மா உள்ளே வந்தார்.

"பூவெல்லாம் உங்க பக்கமே பூக்குது தம்பி. குடுக்குற பத்து பத்தல, மேல இருக்கறது எனக்கு எட்ட மாட்டேங்குது."

பறித்து முடித்துத் துவைக்கும் கல்லிலேயே உட்கார்ந்தார். கொடியில் காய்ந்த மனைவியின் துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். காபி கேட்டார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும்.

ஒரு வாரம் பொறுத்த மனைவி அரிவாளை எடுத்தாள். "எம்மா, சுவரளவுக்கு வெட்டிரட்டுமா? நீங்கதான அன்னைக்குச் சொன்னிய?"

வீட்டுக்காரம்மா காபியைக் கீழே வைத்தார்.

"சாமிக்குப் போற செடி. ஒரு இலைல கத்தி பட்டுச்சி, வூட்ட காலி பண்ணிடணும்."