மேனேஜர் கேட்ட லிஸ்ட்

"குடிகாரப் பயலுக லிஸ்ட்டக் குடுத்துட்டுப் போங்க சிஸ்டர். திங்கக்கெழமையே வீட்டக் காலி பண்ண வச்சு அனுப்பிர்றேன்" என்று எஸ்டேட் மேனேஜர் கையை நீட்டினார். ஃபைல் என் மடியில் இருந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். பாச்சலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் எங்கள் ஆஸ்பத்திரி கேம்ப் போட்டிருந்தது. பிரஷர், சர்க்கரையோடு குடிப்பழக்கத்துக்கும் ஸ்கிரீனிங். நாலு கேள்வி கேட்பது என் வேலை. குறைக்கணும்னு நினைச்சதுண்டா, யாராவது சொன்னா எரிச்சல் வருதா, தப்புப் பண்றோம்னு தோணுதா, காலையில எந்திரிச்சதும் குடிக்கணுமா. இரண்டுக்கு 'ஆமா' என்றால் டாக்டர் தனியாகப் பார்ப்பார்.

காலையில் ராசையா வந்திருந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மூன்று கேள்விக்கும் "இல்லை" என்றவர், நாலாவதற்குக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"தொரைக்குச் சொல்லமாட்டீங்களே, நர்சம்மா?"

"சொல்லமாட்டேன்."

"வெள்ளனே ஒரு கிளாஸ் போடாட்டி கவாத்துக் கத்தியப் பிடிக்க ஏலாது. அப்பிடி நடுங்குது. மத்த மூணுக்கும் ஆமான்னே எழுதிக்கங்க."

இப்போது அந்தத் தாளைத்தான் மேனேஜர் கேட்டார். டாக்டர் புதியவர். "குடுத்துடுங்க சிஸ்டர், இல்லைன்னா அடுத்த கேம்ப்புக்கு விடமாட்டார்" என்று முணுமுணுத்தார்.

"தரமாட்டேன் சார். வெளிய சொல்லமாட்டேன்னு சொல்லித்தான் கேட்டேன்."

"என் எஸ்டேட்டு, என் ஆளுங்க!" என்று மேனேஜர் கத்தினார்.

"பதில் எங்கிட்டதானே சொன்னாங்க? லிஸ்ட்டு வேணும்னா முதல் பேரு உங்களோடதா இருக்கட்டும். உக்காருங்க, நாலு கேள்விதான்."

வெளியே வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மேனேஜர் முகம் கறுத்தது. "வெரசா கெளம்புங்க" என்றார். ஃபைலோடு ஜீப்பில் ஏறினேன்.

ஆஸ்பத்திரிக்குப் புகார் போனது. எனக்கு மெமோ வந்தது. மூன்று மாதம் துணி ஸ்டோரில் போர்வை எண்ண வைத்தார்கள். 'மறுபடி கேட்டாலும் தரமாட்டேன்' என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாவது வாரமே ராசையா மனைவியோடு பஸ் ஏறி வந்துவிட்டார். குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால் அட்மிட் செய்து, மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த வருடம் ஒருமுறை சறுக்கினார். திரும்பவும் வந்தார். அவரைப் பார்த்து அதே எஸ்டேட்டிலிருந்து இன்னும் நான்கு பேர் வந்தார்கள். "நீங்க காட்டிக் குடுக்கல, அதான் வந்தோம்" என்றார் ராசையாவின் மனைவி.

புதிதாக வேலைக்கு வரும் சிஸ்டர்களுக்குச் சொல்கிறேன். அந்த ஃபாரத்தில் இருப்பது ஒரு மனுஷன் உங்களை நம்பிச் சொன்னது. எவ்வளவு பெரிய ஆள் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மெமோ வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.