ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்த நாலு நிமிடம்

தருமபுரியில் வீட்டிலிருந்தபடியே நான் செய்யும் வேலை, ஒலிப்பதிவைக் கேட்டு அதிலுள்ள பேச்சைத் தட்டச்சு செய்து அனுப்புவது. பெரும்பாலும் டாக்டர்கள், வக்கீல்கள் பேசுவது. போன வருடம் ஒரு கப்பல் கம்பெனியின் வரலாறு வந்தது.

வெளிநாட்டுக் கம்பெனி. தபால் மூட்டைகளை ஏற்றிச் செல்வதில் தொடங்கி, பிறகு பணக்காரப் பயணிகளுக்கென்று மூன்று பெரிய சொகுசுக் கப்பல்களை விட்டிருந்தார்கள். விமானம் வந்ததும் கூட்டம் குறைந்து, கப்பல்கள் ஒவ்வொன்றாக உடைக்கப் போயின. கம்பெனியும் மூடப்பட்டது. அதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர் பழைய ஊழியர்களைப் பேட்டி கண்டிருந்தார். அவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை என்று முதல் மெயிலிலேயே சொல்லிவிட்டார்.

அதைப் படித்துவிட்டு ஹெட்போனை மாட்டியது தப்பு. அடுப்படியில் குக்கர் விசிலடிக்கும். காதுக்குள் செத்துப்போன கேப்டன் ஒருவர் இருமுவார். கப்பல் சாயும்போது மேடையில் எந்தக் காலை ஊன்ற வேண்டும் என்று ஒரு நடனக்காரப் பெண்மணி சிரித்துக்கொண்டே சொன்னார். உடைக்கிற கரையில் கப்பலைக் கடைசியாகப் பார்க்கப் போன அதிகாரி, சாப்பாட்டு அறையில் மேசை விரிப்புகள் விரித்தபடியே கிடந்தன என்றார்.

இருபதாவது பதிவில் 'சலவைப் பிரிவு, இந்தியர்' என்று போட்டிருந்தது. வயதானவர் குரல், தட்டுத்தடுமாறும் ஆங்கிலம். பாதியில் பேட்டி எடுத்தவருக்குப் போன் வந்து வெளியே போனார். ரெக்கார்டரை நிறுத்த மறந்துவிட்டார். கதவு சாத்தும் சத்தத்துக்குப் பிறகு, பெரியவர் தமிழில் பேசினார். எங்கள் பக்கத்துத் தமிழ்.

"பாப்பா, வூட்டுல நான் செத்துட்டன்னு நெனச்சிருப்பீங்க. நான் சாவல. கப்பலுக்கு அடியில துணி தேச்சிக்கிட்டு இருந்தன். கப்பல வித்த பொறவு இங்கியே தங்கிட்டன். கடுதாசி போடலாம்னுதான் இருந்தன். மொதல்ல சங்கடம், அப்புறம் வெக்கம், அப்புறம் வயசாயிப்போச்சு."

ஊர்ப் பெயரையும் சொன்னார். பென்னாகரம் சாலையில், என் பெரியம்மா ஊருக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி.

வேற்று மொழி வந்தால் அப்படியென்று குறித்துவிட்டு மேலே போக வேண்டும் என்பது விதி. குறித்துவிட்டு அனுப்பினேன். இரண்டு நாள் அந்த நாலு நிமிடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகு புத்தகம் எழுதுகிறவருக்கு விவரத்தை எழுதினேன். பேட்டி முடிந்த சில மாதங்களில் அந்தப் பெரியவர் இறந்துவிட்டார், சொந்தக்காரர்கள் யாரும் தெரியவில்லை, உங்களால் முடிந்தால் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று பதில் வந்தது.

பஸ் ஏறிப் போனேன். கப்பலுக்குப் போனவர் வீடு எது என்று டீக்கடையில் கேட்டதும் கை காட்டினார்கள். வாசலில் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார் அவருடைய தங்கை, பதிவில் அவர் கூப்பிட்ட பாப்பா. எழுபது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என் போனில் ஓடிய பதிவைக் காதோடு வைத்துக் கேட்டார்.

"இது எங்கண்ணன் இல்லீங்க. கப்பல் முழுகிப்போயி எங்கண்ணன் செத்துட்டாரு. ஊருக்கே சோறு போட்டுக் கருமாதி பண்ணோம்."

"சரிங்கம்மா" என்று போனுக்குக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இன்னொருக்கா போடுங்க."

நாலு முறை கேட்டார். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கருமாதி அன்னிக்கு வெச்ச சோத்த காக்கா தொடவே இல்லீங்க. வெயில்ல எத்தினி நேரம் நின்னோம். ஆளுதான் உசுரோட இருந்திருக்காரே, எப்படி வரும்?"

"உங்க வீட்டுப் போன்ல ஏத்தித் தரட்டுங்களா?"

"வேண்டாங்க. போனவங்க கொரலு வூட்டுக்குள்ள இருக்கப்படாது. உங்க நம்பர மட்டும் குடுங்க."

வேலை முடிந்ததும் எல்லாப் பதிவுகளையும் அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். கேப்டனை அழித்தேன், நடனக்காரப் பெண்மணியை அழித்தேன். இவரை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கேட்டு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு அமாவாசையன்றும் காலையில் அந்த அம்மா கூப்பிடுகிறார். "போடுங்க" என்பார். கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்துவிட்டு நான் ஜன்னலோரம் போய் நின்றுகொள்வேன். முடிந்ததும் எதுவும் பேசாமல் வைத்துவிடுவார்.

போன அமாவாசைக்கு மட்டும் உடனே வைக்கவில்லை. நான் போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

"செரிண்ணா, வெச்சிடறன்" என்றார்.